ஸ்டாக் காட்டுது, போனா இல்லையே?

வாசகர் கேள்வி–பதில் பகுதிக்கு இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து ரத்த வங்கி பற்றிய கேள்விகளே அதிகம் வந்திருக்கின்றன. ரத்த வங்கி ஆய்வகத்திலும் முகாம் ஏற்பாட்டிலும் அனுபவம் உள்ளவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அப்பாவின் ஆபரேஷனுக்கு ஏ நெகட்டிவ் இரண்டு யூனிட் கேட்டார்கள். இ-ரக்தகோஷ் தளத்தில் பார்த்தால் நாகர்கோவிலில் ஒரு ரத்த வங்கியில் மூன்று பை இருப்பதாகக் காட்டியது. ஆட்டோ பிடித்துப் போய்க் கேட்டால் இல்லை என்றுவிட்டார்கள். அந்தத் தளத்தை நம்பலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: நம்பலாம். ஆனால் எண்ணைப் பார்க்கும் முன் அதே வரியில் இருக்கும் இன்னொரு கட்டத்தைப் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று அதில் இருக்கும். சில வங்கிகளுக்கு 'லைவ்' என்று வரும், சிலவற்றுக்குத் தேதியும் நேரமும் வரும். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் உருவாக்கி 2016-இல் தொடங்கிய தளம் இது. உள்ளே வரும் கணக்கை அந்தந்த ரத்த வங்கி ஊழியர்தான் ஏற்ற வேண்டும். பையைப் பதிவது, பரிசோதிப்பது, வெளியே கொடுப்பது எல்லாவற்றையும் அந்த மென்பொருளிலேயே செய்யும் இடத்தில் ஒரு பை போனதும் எண் குறைந்துவிடும். பகல் முழுக்க நோட்டில் எழுதிவிட்டு மாலையில் மொத்தமாக ஏற்றும் இடத்தில் நீங்கள் பார்த்தது நேற்றைய கணக்காக இருக்கலாம்.

எண் சரியாக இருந்தும் பை கிடைக்காமல் போவதும் உண்டு. வேறொரு நோயாளிக்கு கிராஸ் மேட்ச் (அவர் ரத்தத்துடன் பொருந்துகிறதா என்ற சோதனை) பார்த்து ஒதுக்கிய பை, ஆபரேஷன் முடியும்வரை ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். நெகட்டிவ் பிரிவில் கடைசி ஒன்றிரண்டு பைகளைப் பிரசவ அவசரத்துக்கென்று பிடித்து வைப்பதும் வழக்கம். அதில் தவறு சொல்ல முடியாது.

தேடும்போது நடக்கும் பிழை ஒன்று: டாக்டர் எழுதியது 'பேக்டு செல்', அதாவது பிரித்தெடுத்த சிவப்பணு. நாம் தேடுவது 'ஹோல் பிளட்'. பல வங்கிகள் முழு ரத்தமாக வைப்பதே இல்லை. வந்ததும் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்துவிடுகிறார்கள். ஆகவே மாநிலம், மாவட்டம், பிரிவு, கூறு என்ற நான்கையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கன்னியாகுமரியில் இல்லையென்றால் திருநெல்வேலியைப் பாருங்கள். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்கள் மாநிலத்தைக் கேரளம் என்று மாற்றித் திருவனந்தபுரத்தையும் பார்ப்பது நல்லது. தளம் தானாக எல்லை தாண்டிக் காட்டாது. பிறகு, கிளம்புவதற்கு முன் அங்கேயே இருக்கும் எண்ணுக்கு ஒரு போன். கேட்க வேண்டியது: "ஏ நெகட்டிவ் பேக்டு செல், ஒதுக்காதது, எத்தனை இருக்கு?" இந்த 'ஒதுக்காதது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

போகும்போது டாக்டர் கையெழுத்திட்ட ரத்தக் கோரிக்கைப் படிவமும், நோயாளியின் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் ஒட்டிய ரத்த மாதிரிக் குழாயும் கையில் இருக்கட்டும். படிவத்திலும் குழாயிலும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். மாறிய மாதிரியால் மாறிய ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எங்கள் மன்றத்தின் சார்பில் வாட்ஸ்அப் குழு வைத்து ரத்தம் ஏற்பாடு செய்கிறோம். 400 பேர் இருக்கிறார்கள். முன்பெல்லாம் கேட்டதும் பத்துப் பேர் வருவார்கள், இப்போது யாரும் பதிலே போடுவதில்லை. தனியாக ஒரு செயலி செய்யலாமா?
– இளைஞர் மன்றச் செயலாளர், கருங்கல்

பதில்: செயலிக்குச் செலவழிக்க வேண்டாம். 400 பேரிடம் ஒரே நேரத்தில் கேட்டால், மற்றவர்களில் யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். போன மாதம் கொடுத்தவருக்கும் இந்த மாதம் செய்தி போகிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கும் போகிறது. நாளுக்கு மூன்று முறை மணியடித்தால் குழுவை மியூட் செய்யாமல் என்ன செய்வார்கள்?

ஒரு கூகுள் ஷீட் போதும். ஆளுக்கு ஒரு வரி. பெயர், போன், பிரிவு, ஆணா பெண்ணா, எடை எத்தனை கிலோ, கடைசியாகக் கொடுத்த தேதி. இவை எல்லோருக்கும் தோன்றுபவை. தோன்றாமல் விட்டுப்போகிற மூன்று கட்டங்கள்தான் குழுவை நடத்தும்.

முதலாவது, இப்போது எங்கே இருக்கிறார். சொந்த ஊரை எழுதினால் பயனில்லை. நம் மாவட்டத்து இளைஞர்களில் எத்தனையோ பேர் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பிரிவுக்கு ஆதாரம் என்ன. கொடையாளர் அட்டையைப் பார்த்து எழுதியதா, வாய்மொழியா? வாய்மொழிப் பிரிவை நம்பி ஒருவரை 30 கிலோமீட்டர் வரவழைத்து, அங்கே சோதித்தால் வேறு பிரிவாக இருக்கும்.

மூன்றாவது, எந்த நேரத்தில் கூப்பிடலாம். ரப்பர் பால் வெட்டுபவர் விடியலுக்கு முன்பே தோட்டத்தில் இருப்பார், 10 மணிக்கு மேல்தான் வரமுடியும். கடலுக்குப் போனவரைக் கரையேறிய பிறகுதான் பிடிக்க முடியும். பனையேறுபவர், கட்டட உச்சியில் வேலை செய்பவர், கனரக வண்டி ஓட்டுபவர் ஆகியோர் ரத்தம் கொடுத்த அன்று வேலைக்குத் திரும்பக் கூடாது. ஆகவே விடுமுறைக்கு முந்தைய நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

அடுத்து ஒரு கட்டத்தில் கடைசித் தேதியுடன் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 120 நாளைக் கூட்டும்படி சூத்திரம் போடுங்கள். அந்தத் தேதி கடந்துவிட்டால் வரி பச்சையாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வைத்துவிடுங்கள். வேண்டுகோள் வந்தால் பச்சை, பிரிவு, ஊர் என்று வடிகட்டினால் ஏழெட்டுப் பெயர் மிஞ்சும். இரண்டு யூனிட்டுக்கு நான்கு பேரை நேரடியாகப் போனில் கூப்பிடுங்கள். குழுவில் எதையும் போட வேண்டாம். கொடுத்து முடித்தவுடன் தேதியை மாற்றுங்கள். இந்த ஒரு வேலையை அன்றே செய்யாவிட்டால் மூன்று மாதத்தில் ஷீட்டும் பழைய நோட்டாகிவிடும்.

கூப்பிடும் முன் ஆஸ்பத்திரியில் ஒன்று கேளுங்கள்: ரத்தம் கையிருப்பில் இருந்து, கொடுக்கும் பைக்கு ஈடாக ரத்தம் கொடுக்க ஆள் கேட்கிறீர்களா, அல்லது அந்தப் பிரிவே கையிருப்பில் இல்லையா? ஈட்டுக்கு என்றால் எந்தப் பிரிவுக்காரரும் கொடுக்கலாம். இது தெரியாமல் ஏ நெகட்டிவ் ஆளைத் தேடி மாவட்டம் முழுக்க அலைகிறார்கள். தவிர, இன்று எடுக்கும் ரத்தத்தை உடனே ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து பரிசோதனையும் முடிய வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். நடுராத்திரி விபத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது ஏற்கெனவே சோதித்து ஃப்ரிட்ஜில் இருக்கும் பைதான். உங்கள் மன்றத்தின் பலம் அந்த ஃப்ரிட்ஜை நிறைத்து வைப்பதில் போகட்டும்.

குழுவில் செய்தி போட்டே ஆக வேண்டுமென்றால் தேதி, நேரம், ஆஸ்பத்திரி, கூறு, யூனிட், எத்தனை மணிக்குள் வேண்டும், தொடர்பு எண் ஆகியவை இருக்கட்டும். நோயாளியின் முழுப் பெயரும் நோயும் வேண்டாம். தேதி இல்லாத செய்தி பல மாதம் கழித்தும் சுற்றும், அந்த வீட்டுப் போன் ஓயாது. வேலை முடிந்ததும் அதே செய்திக்குக் கீழே 'முடிந்தது' என்று எழுதி, முடிந்தால் அழித்துவிடுங்கள்.

கொடையாளர் எண்களை, குறிப்பாகப் பெண்களின் எண்களை, பொதுவில் போடாதீர்கள். வேண்டாத அழைப்புகள் வரும், பிறகு அவர்கள் வரவே மாட்டார்கள். ஷீட்டைத் திறக்கும் உரிமை இரண்டு மூன்று பேருக்கு மட்டும் இருக்கட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. அப்புறம், 'வண்டிச் செலவுக்கு ஜிபே பண்ணுங்க, கிளம்பறேன்' என்று தெரியாத எண்ணிலிருந்து வந்தால் பெரும்பாலும் மோசடி. பணத்துக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையடுத்து 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது.

கேள்வி: ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று முகாம் நடத்தி 150 பை கொடுக்கிறோம். இந்த முறை ரத்த வங்கிக்காரர்கள், 'பிரித்துப் பிரித்து நடத்துங்கள்' என்கிறார்கள். ஆர்வத்தைக் கெடுக்கிறார்களே?
– வாசகர், குளச்சல்

பதில்: அவர்கள் சொல்வது சரி. சிவப்பணு, பையில் சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். பிளேட்லெட் 5 நாள்தான். தேசிய தன்னார்வ ரத்த தான தினமான அக்டோபர் 1-ஐ ஒட்டி எல்லோரும் முகாம் போட்டால் நவம்பர் நடுவில் பைகள் காலாவதியாகும். பிறகு ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி மூடியதும் ஃப்ரிட்ஜ் காலி. 150 பேரை 50, 50, 50 ஆகப் பிரித்து நான்கு மாத இடைவெளியில் வையுங்கள்.

கடற்கரை ஊர்களுக்கு இயல்பாகவே ஒரு நல்ல காலம் உண்டு. மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் விசைப்படகுகள் அப்போது கரையில்தான் இருக்கும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டையும் சேர்த்தால் கோடைத் தட்டுப்பாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. வெளிமாநிலக் கடலில் தொழில் செய்து திரும்பியவர்களிடம் காய்ச்சல் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். மலேரியா வந்து குணமானவர் 3 மாதமும், டெங்கு வந்தவர் 6 மாதமும் பொறுக்க வேண்டும்.

பிளேட்லெட்டும் பிரிக்க வேண்டுமென்றால் எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்திலேயே கொண்டு போய் சுமார் 6 மணி நேரத்துக்குள் பிரிக்கப் பார்ப்பார்கள். தூத்தூரில் முகாம் என்றால், மதியம் வரை சேர்த்து வைக்காமல் முதல் பெட்டியை 11 மணிக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் வண்டியையும் திட்டத்தில் சேருங்கள்.

கேள்வி: எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன் நடக்கிறது. அவசரத்துக்கு நான்கைந்து பை ரத்தம் வாங்கி வைக்க விரும்புகிறோம். மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் போதாதா?
– நிர்வாகி, குலசேகரம்

பதில்: போதாது, சட்டப்படியும் கூடாது. ஆனால் வழி இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தாத ஆஸ்பத்திரி, 'ரத்தச் சேமிப்பு மையம்' என்று மாநில மருந்து உரிம அதிகாரியிடம் அனுமதி பெறலாம். 10 சதுர மீட்டர் இடம், பயிற்சி பெற்ற டெக்னீஷியன், பொறுப்பு டாக்டர், உரிமம் பெற்ற தாய் ரத்த வங்கி ஒன்றுடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். அனுமதி இரண்டு ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். நீங்கள் ரத்தம் எடுக்க முடியாது, தாய் வங்கியிலிருந்து வாங்கி வைத்துக் கொடுக்கலாம்.

வீட்டு ஃப்ரிட்ஜில் சில்லர் பக்கம் உறைநிலை, கதவுப் பக்கம் 8, 10 டிகிரி. சிவப்பணுவுக்கு 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் வேண்டும். உறைந்தால் அணுக்கள் உடைந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாமலும் இருக்கலாம். ரத்த வங்கி ஃப்ரிட்ஜில் உள்ளே காற்றாடி சுழன்று எல்லாத் தட்டையும் ஒரே குளிரில் வைக்கும், அலாரமும் வெப்பப் பதிவும் இருக்கும். அலாரத்தை 2, 6 என்று வைக்காமல் 2.5, 5.5 என்று வையுங்கள். எல்லை தாண்டும் முன்பே ஒலித்தால்தான் ஏதாவது செய்ய நேரம் இருக்கும். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கத்தும், ஊழியர்கள் சலித்து ஒலியை அணைத்துவிடுவார்கள். கிளிசரின் கலந்த நீர் உள்ள சிறு புட்டிக்குள் அதை வையுங்கள். பைக்குள் இருக்கும் வெப்பத்தை ஏறத்தாழ அது காட்டும்.

இப்போது சிம் போட்ட டேட்டா லாகர்கள் (வெப்பத்தைத் தானாகப் பதியும் கருவிகள்) வந்துவிட்டன, வெப்பம் ஏறினால் போனுக்குச் செய்தி வரும். நல்ல கருவிதான். கெடுவது இப்படித்தான்: வைஃபையில் ஓடும் லாகர் வாங்கி, ரவுட்டரை யுபிஎஸ்ஸில் போடாமல் விட்டிருப்பார்கள். கரண்ட் போனதும் முதலில் ரவுட்டர் சாகும். செய்தி வர வேண்டிய நேரத்தில்தான் லாகர் ஊமையாகும். அல்லது சிம்மின் ரீசார்ஜ் முடிந்திருக்கும். மாதம் ஒருமுறை ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி அலாரம் வைத்துச் சோதியுங்கள். யாருக்குச் செய்தி வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது, ஜெனரேட்டர் எப்போது ஏற்றது என்று குறியுங்கள். செய்தி மூன்று போனுக்காவது போகட்டும். லாகர் இருந்தாலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் எழுதும் பதிவை நிறுத்தாதீர்கள்.

பைகளை அடுக்கும்போது முதலில் காலாவதியாவது முன்னால் இருக்க வேண்டும். வந்த வரிசைப்படி அடுக்கினால் பிசகும், ஏனென்றால் தாய் வங்கி இன்று கொடுக்கும் பை நேற்றுக் கொடுத்ததைவிடப் பழையதாக இருக்கலாம். பார்கோடு ரீடரும் ஒரு எளிய மென்பொருளும் இருந்தால் காலாவதிக்கு 10 நாள் முன்பே எச்சரிக்கும். அப்போதே தாய் வங்கிக்குத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குலசேகரத்தில் கெட்டுப்போகும் ஓ நெகட்டிவ் நாகர்கோவிலில் ஒருவருக்குப் பயன்பட்டிருக்கும்.

ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்த பையை 30 நிமிடத்துக்குள் திருப்பாவிட்டால் மறுபடி வைக்கக் கூடாது. ஏற்றத் தொடங்கினால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வண்டியில் கொண்டுவரும்போது ஐஸ் கட்டி பையைத் தொடக் கூடாது, நடுவே அட்டை வையுங்கள். பை கருத்தோ ஊதா நிறமாகவோ இருந்தாலும், கட்டி தெரிந்தாலும், கசிந்தாலும் தனியே எடுத்து வைத்துத் தாய் வங்கிக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: டெங்கு வந்து தம்பிக்குப் பிளேட்லெட் 42,000. உடனே ஏற்றச் சொல்லிச் சொந்தக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். டாக்டர் பொறுங்கள் என்கிறார்.
– வாசகி, திங்கள்நகர்

பதில்: டாக்டர் பக்கம்தான் நாங்களும். ரத்தக்கசிவு இல்லாதபோது 10,000-க்குக் கீழே போனால்தான் பொதுவாகப் பிளேட்லெட் ஏற்றுவார்கள். கசிவு இருந்தால் கணக்கு வேறு. டெங்குவில் முதலில் பார்க்க வேண்டியது உடலில் நீர்ச்சத்தும் ரத்த அழுத்தமும். எண்ணை மட்டும் பார்த்து ஏற்றினால் தேவையில்லாத பக்கவிளைவுதான் மிச்சம்.

தேவைப்பட்டால் இரண்டு வகை. ஒரு பை ரத்தத்திலிருந்து பிரிப்பது பெரியவருக்கு எண்ணிக்கையை 5,000 முதல் 10,000 வரை ஏற்றும், அதனால்தான் நான்கு ஆறு என்று கேட்கிறார்கள். ஒரே கொடையாளரிடம் இயந்திரம் மூலம் எடுப்பது 30,000 முதல் 60,000 வரை ஏற்றும். அதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் படுக்க வேண்டும். கொடையாளரின் எடை 50 கிலோவுக்கு மேல், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது, கடந்த 28 நாளில் முழு ரத்தம் கொடுத்திருக்கக் கூடாது. எல்லா வங்கியிலும் அந்த இயந்திரம் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டு ஆளைக் கூட்டிப் போங்கள். வாங்கிவரும் பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜிலோ ஐஸிலோ வைத்துவிடாதீர்கள். 20 முதல் 24 டிகிரியில் அசைந்துகொண்டே இருக்க வேண்டிய பொருள் அது.

கேள்வி: இரண்டு முறை முகாமுக்குப் போயும் ஹீமோகுளோபின் குறைவு என்று அனுப்பிவிட்டார்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: 12.5 கிராம் வேண்டும், 12.2 இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். சில முகாம்களில் நீலக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காப்பர் சல்ஃபேட், அடர்த்தி 1.053. சொட்டு 15 விநாடிக்குள் மூழ்கினால் சரி. 30 மில்லி கரைசலில் 25 பேருக்கு மேல் பார்த்தால் முடிவு பிசகும். சந்தேகமிருந்தால் லேபில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைவுதான் என்றால் டாக்டரிடம் இரும்புச்சத்து மாத்திரை கேளுங்கள், முருங்கைக்கீரை சேருங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் இதய ஆபரேஷன். ஆறு கொடையாளர் வேண்டும் என்கிறார்கள். நான் பல முறை கொடுத்து வாங்கிய சான்றிதழ்கள் அங்கே செல்லுமா? ஒரு பைக்கு எவ்வளவு கேட்பார்கள்?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: சான்றிதழ் செல்லுமா என்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கத்தைப் பொறுத்தது. போட்டோ எடுத்து முன்கூட்டியே காட்டிக் கேளுங்கள். ரத்தத்துக்கு விலை கிடையாது, பதப்படுத்தும் கட்டணம் மட்டும்தான். தேசிய ரத்த மாற்று கவுன்சிலின் 2022 வரையறைப்படி தனியார் மையத்தில் முழு ரத்தம் அல்லது சிவப்பணு ஒரு யூனிட்டுக்கு அதிகபட்சம் 1,550 ரூபாய், பிளாஸ்மா, பிளேட்லெட் 400. கூடுதல் பரிசோதனை செய்தால் அதற்குத் தனி. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய் உள்ளவர்களுக்கு இலவசம் உண்டு.

ஆறு பேரையும் ஒரே வேனில் அள்ளிக்கொண்டு போக வேண்டாம். ஆபரேஷன் தேதி தள்ளிப்போனாலும், இருவர் தகுதியில்லாமல் திரும்பினாலும் மறுபடி ஆள் தேட வேண்டிவரும். எத்தனை நாள் முன்பு வர வேண்டும், கவுன்டர் எத்தனை மணிவரை, குறிப்பிட்ட பிரிவு வேண்டுமா என்று கேட்டு இரண்டு தவணையாக அனுப்புங்கள். ஒவ்வொருவரும் 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதல்முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. கடந்த ஓராண்டில் பச்சை குத்தியவர் வேண்டாம். காலையிலேயே பஸ் பிடிப்பவர்கள் வெறும் வயிற்றில் போய் மயங்கி விழுவது சகஜம், பாறசாலையில் இறங்கியாவது இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அம்மாவின் ரத்த உறவினர்கள் கொடுத்தால், அதை ரத்த வங்கியில் மறக்காமல் சொல்லுங்கள். நெருங்கிய உறவினரின் அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் அபூர்வ ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்க அந்தப் பையை வேறொருவருக்குக் கொடுப்பார்கள், அல்லது கதிர்வீச்சு செலுத்திய பிறகு ஏற்றுவார்கள்.